வெள்ளோட்டம் இல்லாமல் தேரோட்டமா?



புதிதாகத் தேர் செய்த ஊரில் என்ன நடக்கிறது என்பதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். தச்சர்கள் வேலையை முடித்துவிடுகிறார்கள். சிற்பங்கள் பளபளக்கின்றன. ஊர் மக்கள் எப்போது வடம் பிடிக்கலாம் என்று துடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆயினும் திருவிழா அன்றே சுவாமியை ஏற்றி முதல் ஓட்டம் ஓட்டுகின்ற ஊர் எதுவும் இல்லை. முதலில் வெள்ளோட்டம் விடுகிறார்கள். வெறுந்தேரை நான்கு வீதிகளிலும் இழுத்துப் பார்க்கிறார்கள். அச்சு தாங்குகிறதா, முட்டுக்கட்டைக்குத் தேர் கட்டுப்படுகிறதா, மூலையில் திரும்புகிறதா, மின்கம்பியில் கலசம் உரசுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கவனிக்கிறார்கள். குறை தெரிந்தால் தச்சரை யாரும் ஏசுவதில்லை. குறையைக் கண்டுபிடிப்பதற்காகத்தானே வெள்ளோட்டம்!

இதையே கணிப்பொறி உலகில் மென்பொருள் சோதனை என்கிறார்கள். நம் பாடத்திட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. ஆனால் நம் மனத்தில் இல்லை. பாடநூலின் கடைசி அலகில் வருவது, தேர்வுக்கு முந்தைய இரவில் ஐந்து மதிப்பெண் வினாவுக்காகப் புரட்டிப் பார்ப்பது என்ற அளவில்தான் இதை நாம் வைத்திருக்கிறோம். ஆய்வுக்கூடத்தில் திரையில் எதிர்பார்த்த விடை ஒரு முறை வந்துவிட்டால் போதும், பதிவேட்டில் எழுதிக் கையொப்பம் வாங்கிவிடுகிறோம். இந்தப் பழக்கம் மாற வேண்டும், நிரல் எழுதக் கற்பதற்குச் சமமாக நிரலைச் சோதிக்கவும் கற்க வேண்டும் என்பதே என் கருத்து. ஏன் என்பதை இயன்ற அளவு விளக்குகிறேன்.

முத்துக் கடலோரத்தின் பாடம்

நான் எட்டயபுரத்துக்காரன். எங்கள் ஊரில் சோதனை என்பது இழிவான சொல் அன்று. 1893-ஆம் ஆண்டில் பதினொரு வயதுச் சிறுவன் சுப்பையாவின் புலமையை எட்டயபுரத்து அவையினர் ஆராய்ந்து பார்த்த பிறகே "பாரதி" என்னும் பட்டத்தை வழங்கினார்கள். நூல் எழுதிய புலவர் அதை அவையில் அரங்கேற்ற வேண்டும்; கற்றோர் எழுப்பும் தடைகளுக்கு விடை கூற வேண்டும்; அதன் பிறகே அது நூல் என்ற பெயரைப் பெறும். இது தமிழ்நாட்டின் பழைய வழக்கம். ஆராய்ந்து பார்த்து அதன் பின் நம்ப வேண்டும் என்பதற்காகவே திருக்குறளில் "தெரிந்து தெளிதல்" என்று ஓர் அதிகாரம் உண்டு.

எங்கள் மாவட்டத்துக் கடலோரம் இன்னும் தெளிவான பாடத்தைத் தருகிறது. தூத்துக்குடிக் கடலில் முத்துச் சலாபம் நடந்த காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு எவரும் படகுகளைக் கடலுக்கு அனுப்பவில்லை. முதலில் அதிகாரிகள் முத்துப்பார்களை ஆய்வு செய்வார்கள். மாதிரிக்காகச் சில ஆயிரம் சிப்பிகளை எடுப்பார்கள். அவற்றை அழுகவிட்டுக் கழுவி, கிடைக்கும் முத்துகளை விவரம் அறிந்தவர்களிடம் கொடுத்து மதிப்பிடுவார்கள். மதிப்புத் தேறினால்தான் சலாபம் அறிவிக்கப்படும். இல்லையேல் பாரை வளரவிட்டுவிடுவார்கள். 1961-க்குப் பிறகு தூத்துக்குடியில் அத்தகைய பெருஞ்சலாபம் நடைபெறவில்லை. ஆனால் அந்த முறை நாம் மறக்கத் தக்கதன்று.

எடுத்த முத்துகளைத் தரம் பிரித்த முறையையும் கவனியுங்கள். துளைகளின் எண்ணிக்கையால் பெயர் பெற்ற சல்லடைகள் வரிசையாக இருந்தன. 20 துளை உள்ள சல்லடையில் பெருமுத்து நிற்கும். 1,000 துளை உள்ளதில் சிறுமுத்து நிற்கும். சல்லடை அளவை மட்டும் சொல்லும். முத்தின் உருட்சியையும் ஒளியையும் கண்ணால் பார்த்தே தீர்மானிக்க வேண்டும். எடையைத் தராசு சொல்லும். சல்லடை செய்கின்ற வேலையைத் தராசு செய்யாது; தராசு செய்வதைக் கண் செய்யாது. மென்பொருள் சோதனையில் பல வகைகள் இருப்பதற்கும் இதுவே காரணம். ஒரு வகைச் சோதனை கண்டுபிடிக்கும் குறையை இன்னொரு வகை கண்டுபிடிக்காது.

எல்லாவற்றையும் சோதிக்க முடியுமா?

"எல்லா உள்ளீட்டையும் கொடுத்துப் பார்த்துவிட்டால் தீர்ந்ததே, அதற்கு ஏன் இத்தனை வகை?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு எண்களைக் கூட்டுகின்ற மிக எளிய நிரல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் எண்ணும் 32 பிட் அளவுடையது. இரண்டும் சேர்ந்து வரக்கூடிய இணைகளின் எண்ணிக்கை 2-இன் 64-ஆம் அடுக்கு. ஒரு விநாடிக்கு நூறு கோடி இணைகளைச் சோதிக்கும் கணிப்பொறி நம்மிடம் இருப்பதாக வைத்துக்கொண்டாலும், வேலை முடிய 584 ஆண்டுகள் ஆகும். ஒரு கூட்டல் கணக்குக்கே இந்த நிலை!

ஆகவே சோதனை என்பது எதைச் சோதிப்பது என்று தேர்ந்தெடுக்கும் கலையாகிறது. முத்துப்பாரில் உள்ள எல்லாச் சிப்பிகளையும் உடைத்துப் பார்த்துவிட்டா சலாபத்தை அறிவித்தார்கள்? மாதிரியைத் தக்கபடி எடுத்தார்கள். அது போலவே சோதிப்பவரும் செய்ய வேண்டும். டச்சு நாட்டுக் கணிப்பொறி அறிஞர் டைக்ஸ்ட்ரா, சோதனையால் பிழை உண்டு என்று காட்டலாமே தவிரப் பிழையே இல்லை என்று நிறுவ முடியாது என்று எச்சரித்தார். அமெரிக்கரான கிளென்ஃபோர்டு மையர்ஸ் 1979-இல் மென்பொருள் சோதனைக் கலை பற்றி எழுதிய நூலில், பிழையைக் காணும் நோக்கத்தோடு நிரலை இயக்குவதே சோதனை என்று விளக்கினார். நிரல் சரியாக இருக்கிறது என்று காட்டுவதற்காக இயக்குபவர் தமக்குச் சாதகமான எண்களையே கொடுப்பார். பிழையைப் பிடிக்க வேண்டும் என்று இயக்குபவரே வில்லங்கமான எண்களைத் தேடிப் போவார்.

நமக்குத் தெரிந்த ஓர் எடுத்துக்காட்டு

சோதனையின் வகைகளை, நாம் எல்லோரும் ஆய்வுக்கூடத்தில் எழுதிய மதிப்பெண் பட்டியல் நிரலைக் கொண்டே விளக்கலாம். அக மதிப்பீடு 25, புறத் தேர்வு 75, மொத்தம் 100. தேர்ச்சிக்கு 40 என்று வைத்துக்கொள்வோம்.

முதலாவது அலகுச் சோதனை. தேர்ச்சியா இல்லையா என்று தீர்மானிக்கும் சிறு பகுதியை மட்டும் தனியே எடுத்துச் சோதிப்பது இது. இங்கே 65, 72, 81 என்று கொடுத்துப் பார்ப்பதில் பயன் குறைவு. மூன்றும் ஒரே இனம். 39, 40, 41 ஆகிய மூன்றையும் கொடுக்க வேண்டும். பிழை பெரும்பாலும் எல்லைக்கோட்டிலேயே குடியிருக்கும். "40-க்கு மேல்" என்று எழுதினோமா, "40-உம் அதற்கு மேலும்" என்று எழுதினோமா என்பதில் ஒரு மாணவனின் தேர்ச்சியே அடங்கியிருக்கிறது. பிறகு 0, 100, 101, கழித்தல் 1, வெற்றிடம் ஆகியவற்றையும் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது ஒருங்கிணைப்புச் சோதனை. அக மதிப்பீட்டுப் பகுதியை ஒருவர் எழுதுகிறார்; புறத் தேர்வுப் பகுதியை மற்றொருவர் எழுதுகிறார். தேர்வுக்கு வராதவரைக் குறிக்க இரண்டாமவர் கழித்தல் 1 என்று வைத்திருக்கிறார். அவருடைய பகுதியில் அது சரியே. முதலாமவருக்கு அது தெரியாது, இரண்டையும் கூட்டிவிடுகிறார். அக மதிப்பீட்டில் 24 பெற்றுப் புறத் தேர்வுக்கு வராத மாணவிக்கு 23 மதிப்பெண் என்று பட்டியல் அச்சாகிறது. இரு பகுதிகளும் தனித்தனியே சரியானவை. சேர்ந்த இடத்தில்தான் பிழை பிறந்தது. சம்பந்தி வீட்டார் இருவரும் நல்லவர்களாக இருந்தும் கலியாணப் பேச்சில் குழப்பம் வருவதில்லையா? அது போன்றதே இது.

மூன்றாவது முழு அமைப்புச் சோதனை. எல்லாப் பகுதிகளையும் இணைத்து, உண்மையாகப் பயன்படப் போகும் சூழலிலேயே தொடக்கம் முதல் இறுதி வரை ஓட்டிப் பார்ப்பது. தேரை நான்கு வீதிகளிலும் இழுத்துப் பார்ப்பது இந்த வகை.

நான்காவது பளுச் சோதனை. பத்துப் பேர் பார்த்தால் ஓடுகின்ற மென்பொருள், பத்தாயிரம் பேர் ஒரே நேரத்தில் பார்த்தால் என்ன ஆகும்? தேர்வு முடிவு வெளியாகும் நாளில் இணையப் பக்கம் திறக்காமல் நாம் தவிக்கும் தவிப்பே இந்தச் சோதனையின் அருமையை விளக்கப் போதுமானது.

ஐந்தாவது பின்னடைவுச் சோதனை. ஒன்றைத் திருத்தும்போது முன்பு சரியாக இருந்த வேறொன்று கெட்டுவிடவில்லையே என்று பார்ப்பது. சுவரில் ஆணி அடிக்கப் போய் உள்ளே ஓடும் மின்கம்பியைத் துளைத்துவிடுவது உண்டல்லவா? அது போலத் தேர்ச்சி விதியை மாற்றப் போய்த் தரவரிசைப் பட்டியல் குலைந்துவிடும். ஆதலால் பழைய சோதனைகளை எறிந்துவிடாமல் சேமித்து வைத்து, ஒவ்வொரு திருத்தத்திற்குப் பின்னும் மீண்டும் ஓட்ட வேண்டும்.

ஆறாவது பாதுகாப்புச் சோதனை. வேண்டுமென்றே தீங்கு செய்ய வருபவரைப் போல நாமே நடந்து பார்ப்பது. பக்கத்து மாணவரின் பதிவெண்ணை முகவரியில் மாற்றியிட்டால் அவருடைய மதிப்பெண்ணைத் திருத்த முடிகிறதா என்று பார்ப்பது இந்த வகை.

இறுதியாக ஏற்புச் சோதனை. பயன்படுத்தப் போகின்றவரே பார்த்து, "ஆம், நான் கேட்டது இதுதான்" என்று சொல்வது. மதிப்பெண் பட்டியல் என்றால் தேர்வுப் பிரிவு எழுத்தர்தாம் அதைச் சொல்ல வேண்டும். நிரல் எழுதிய நாம் அல்ல.

இவற்றுள் நிரலின் உள் அமைப்பை அறிந்து, ஒவ்வொரு கிளையும் ஒரு முறையாவது இயங்குகிறதா என்று பார்ப்பதை வெள்ளைப்பெட்டிச் சோதனை என்பார்கள். உள்ளே இருப்பது தெரியாமல், கொடுத்ததற்கு வந்தது சரியா என்று மட்டும் பார்ப்பது கருப்புப்பெட்டிச் சோதனை. முன்னது தச்சரின் பார்வை. பின்னது வடம் பிடிப்பவரின் பார்வை. இரண்டும் வேண்டும்.

விண்ணில் கற்ற பாடங்கள்

மதிப்பெண் பட்டியலில் பிழை வந்தால் திருத்தி அச்சிட்டுக்கொள்ளலாம். திருத்த முடியாத இடங்களும் உண்டு.

1996-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள் ஐரோப்பிய நாடுகளின் ஏரியன்-5 ராக்கெட் தென் அமெரிக்காவில் உள்ள கூரூ தளத்திலிருந்து முதன்முறையாகக் கிளம்பியது. ஒரு நிமிடங்கூட ஆகவில்லை. பாதை விலகிச் சிதறியது. அதில் இருந்த நான்கு அறிவியல் செயற்கைக்கோள்களும் அழிந்தன. காரணம் என்ன? வழி காட்டும் கருவியின் மென்பொருளை முந்தைய ஏரியன்-4 ராக்கெட்டிலிருந்து அப்படியே எடுத்துப் பயன்படுத்தினார்கள். அதில் 64 பிட் எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் இடம் ஒன்று உண்டு. அந்த அளவில் 32,767-க்கு மேற்பட்ட எண் அடங்காது. பழைய ராக்கெட்டின் பாதையில் அந்த எல்லையைத் தாண்டும் வாய்ப்பே இல்லை. புதிய ராக்கெட்டின் கிடைவேகம் மிகுதி, எண் வழிந்துவிட்டது, கருவி செயலிழந்தது. மாற்றாக வைத்திருந்த இரண்டாவது கருவியும் அதே மென்பொருளைக் கொண்டிருந்ததால் அதே காரணத்தால் செயலிழந்தது. புதிய ராக்கெட்டின் பாதை விவரங்களைக் கொண்டு அந்தக் கருவியைத் தரையிலேயே சோதித்திருந்தால் இந்தப் பிழை வெளிப்பட்டிருக்கும் என்பதை விசாரணைக் குழு எடுத்துக் காட்டியது. பழைய தேரின் சக்கரம் நன்றாக ஓடியது என்பதற்காகப் புதுத் தேரில் வெள்ளோட்டம் இல்லாமல் மாட்டலாமா?

நம் நாட்டுக் கதை இதைவிட நமக்கு நெருக்கமானது, நிறைவானதும் கூட. 2019 செப்டம்பர் 7-ஆம் நாள் சந்திரயான்-2 திட்டத்தின் விக்ரம் கலம் நிலவில் மெல்ல இறங்குவதற்குப் பதிலாக வேகமாக மோதியது. நாடே கலங்கியது. பிறகு நடந்ததே நாம் கற்க வேண்டியது. இஸ்ரோவினர் பிழையை மறைக்கவில்லை, ஆராய்ந்தார்கள். எஞ்சின்கள் எதிர்பார்த்ததை விடக் கூடுதலான உந்துவிசை கொடுத்தன. அதனால் சிறு சிறு விலகல்கள் சேர்ந்துகொண்டே போயின. அவற்றைத் திருத்தக் கலம் விரைவாகத் திரும்ப வேண்டியிருந்தபோது, திரும்பும் வேகத்திற்கு மென்பொருளில் வைத்திருந்த வரம்பு தடுத்தது. இறங்குவதற்குக் குறித்திருந்த இடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர் என்ற சிறு பரப்பு. அப்போதைய இஸ்ரோ தலைவர் சோமநாத் 2023-இல் இவற்றை வெளிப்படையாக விளக்கினார்.

அடுத்த கலத்தை அமைக்கும்போது, எப்படி வெற்றி பெறுவது என்று மட்டும் எண்ணாமல், எது எது தவறக்கூடும் என்று எண்ணி வடிவமைத்தார்கள். உணரி கெட்டால் என்ன? எஞ்சின் கெட்டால் என்ன? கணக்கீடு பிசகினால் என்ன? இந்தக் கேள்விகளே சோதனையின் உயிர். உணரிகளையும் வழிகாட்டும் முறையையும் ஹெலிகாப்டரில் பொருத்திப் பறந்து சோதித்தார்கள். எஞ்சின் எரியும் நிலையில் கலத்தை உயரமான கிரேனில் கட்டித் தொங்கவிட்டுச் சோதித்தார்கள். கால்கள் தாங்குமா என்பதை நிலவின் மண்ணைப் போன்ற மண்ணில் இறக்கிப் பார்த்தார்கள். அத்தகைய மண் எங்கே கிடைத்தது தெரியுமா? நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிப் பாறைகள் நிலவின் மேட்டு நிலத்துப் பாறையை ஒத்தவை. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறையும் இப்பணியில் உதவியது. இறங்கும் பரப்பை 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர் என்று விரித்தார்கள். விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருக்க, 2023 ஆகஸ்டு 23-ஆம் நாள் மாலை சந்திரயான்-3 நிலவில் மெல்லக் கால் பதித்தது. அந்த மாலையில் நாம் கைதட்டியது கலத்துக்கு மட்டுமன்று. நான்கு ஆண்டுச் சோதனைக்கும் சேர்த்துத்தான்.

இந்தக் கல்வி நமக்குத் தொலைவில் உள்ளதன்று. ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கும் மகேந்திரகிரி நெல்லை மாவட்டத்தில் இருக்கிறது. நம் மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்திற்கு 2024 பிப்ரவரி 28-ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டது. நாளை அங்கே வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகள் நிரல் எழுதத் தெரிந்தவர்களாக மட்டும் இருந்தால் போதுமா?

சிறு திருத்தம், பெரு நட்டம்

2024 ஜூலை 19-ஆம் நாளை நினைத்துப் பாருங்கள். கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பிய ஒரு சிறு புதுப்பிப்பில் பிழை இருந்தது. உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் முடங்கின. விமானங்கள் நின்றன, மருத்துவமனைகள் திணறின, நம் நாட்டு விமான நிலையங்கள் சிலவற்றில் பயணச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். சிறு திருத்தந்தானே என்று எண்ணக் கூடாது. ஒரே நாளில் எல்லோருக்கும் அனுப்பாமல் முதலில் சிலருக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும் என்பது இதன் பாடம்.

பிரிட்டனில் நடந்தது இன்னும் கொடுமை. அஞ்சல் நிலையங்களில் வைத்த ஹொரைசன் என்னும் கணக்கு மென்பொருள் இல்லாத பற்றாக்குறையை இருப்பதாகக் காட்டியது. இயந்திரம் பொய் சொல்லாது என்று நம்பி, 1999-க்கும் 2015-க்கும் இடையில் 900-க்கும் மேற்பட்ட அஞ்சல் நிலையப் பொறுப்பாளர்களைத் திருடர்கள் என்று தண்டித்தார்கள். சிலர் சிறை சென்றார்கள். பலர் சொத்தை இழந்தார்கள். அவர்களுக்கு விடுதலை வழங்க 2024-இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. மென்பொருளில் பிழை இருந்தது. அதைவிடப் பெரிய பிழை, பயன்படுத்துபவர் "கணக்கு உதைக்கிறது" என்று கதறியபோது அதைச் சோதனைச் செய்தியாக எடுத்துக்கொள்ளாமல் தள்ளியதுதான்.

யாரை வைத்துச் சோதிப்பது?

இங்கேதான் என் கட்டுரையின் முக்கியமான செய்திக்கு வருகிறேன். சோதனை என்றால் குளிரூட்டிய அறையில் படித்தவர்கள் செய்வது என்ற எண்ணம் போக வேண்டும்.

நம் மாவட்டம் உப்பள மாவட்டம். உப்புநீரிலும் உப்பிலும் ஆண்டுக்கணக்கில் உழைத்த விரல்களில் ரேகை தேய்ந்துபோகும் என்பதை இங்குள்ள எவரும் அறிவர். தமிழ்நாட்டு நியாயவிலைக் கடைகளில் 2020-இல் கைரேகை முறை வந்தபோது, தேய்ந்த ரேகை உடைய முதியோரும் உழைப்பாளிகளும் இடர்ப்பட்டார்கள். பின்னர்க் கருவிழிப் பதிவும் சேர்க்கப்பட்டது, நல்லதே. ஆனால் நான் கேட்பது இது: ரேகைக் கருவியைச் சோதிக்கும்போது யாருடைய விரலை வைத்துச் சோதிக்க வேண்டும்? எழுதுகோல் பிடிக்கும் விரலையா, உப்பு வாரும் விரலையா? 39, 40, 41 என்று எண்ணுக்கு எல்லைக்கோடு இருப்பது போல மனிதருக்கும் எல்லைக்கோடு உண்டு. முதியவர், பார்வை குறைந்தவர், எழுத்தறியாதவர், பழைய கைப்பேசி வைத்திருப்பவர் ஆகியோரே அந்த எல்லைக்கோட்டில் நிற்பவர்கள். மென்பொருள் தவறினால் முதலில் பட்டினி கிடப்பவரும் அவரே.

இன்னொன்று பாருங்கள். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதல் எழுத்தே உண்டு. விண்ணப்பப் படிவமோ "கடைசிப் பெயர் கட்டாயம்" என்று அடம் பிடிக்கிறது. சிலர் புள்ளி வைக்கிறார்கள். சிலர் தம் பெயரையே இரு முறை எழுதுகிறார்கள். பிறகு சான்றிதழிலும் கடவுச் சீட்டிலும் பெயர் ஒத்துப்போகவில்லை என்று அலைகிறார்கள். ஒரு தமிழ்ப் பெயரை வைத்துச் சோதித்திருந்தாலே தெரிந்திருக்கும் குறை இது.

எழுத்தும் அப்படியே. "கொ" என்பது நமக்கு ஓர் எழுத்து. கணிப்பொறிக்கு அது இரண்டு குறியீடுகள். பெயருக்குப் பத்து இடம் என்று வரையறுக்கும் நிரல் நம் பெயரை நடுவில் வெட்டிவிடும். 2018 பிப்ரவரியில் ஐபோன்களில் ஒரே ஒரு தெலுங்குக் கூட்டெழுத்து வந்தால் செயலி முடங்கிப் போனது உலகச் செய்தியாயிற்று. உலகப் பெருநிறுவனத்தின் சோதனையிலேயே நம் அண்டை மொழியின் ஓர் எழுத்து விட்டுப்போயிற்று என்றால், நம் மொழியை நம்மைத் தவிர வேறு யார் சோதிப்பார்கள்? இங்கே எட்டயபுரத்து மாணவனுக்கும் கோவில்பட்டி மாணவிக்கும் சான் பிரான்சிஸ்கோ பொறியாளருக்கு இல்லாத தகுதி இருக்கிறது.

எதிர்வாதங்கள்

"சோதனையால் காலமும் பணமும் வீணாகின்றன" என்பார் உண்டு. கோலம் போடுமுன் புள்ளியைச் சரிபார்ப்பது வீணா, போட்ட கோலத்தை அழித்துப் போடுவது வீணா? எழுதிய அன்றே கண்ட பிழை ஒரு வரியில் தீரும். பிறர் பகுதியோடு இணைந்த பின் கண்டால் பலரைக் கூட்ட வேண்டும். மக்களிடம் போன பின் கண்டால் பணத்தால் மட்டும் தீராது.

"டெஸ்டிங்கில் போட்டுவிட்டார்கள்" என்று வேலைக்குப் போன அண்ணன்மார் சிலர் சலித்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். நிரல் எழுதுபவர் மேல் சாதி, சோதிப்பவர் கீழ்ச் சாதி என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. கணக்கு எழுதுபவரைவிடத் தணிக்கை செய்பவர் தாழ்ந்தவரா? சோதிப்பவர் பிறர் நினையாததை நினைக்க வேண்டும்; பயன்படுத்துபவரின் இடத்தில் நின்று பார்க்க வேண்டும்; கண்டதைப் பிறர் மனம் நோகாமலும் தெளிவாகவும் எழுதிச் சொல்ல வேண்டும். இது முழு அறிவையும் கேட்கும் தொழில்.

"இப்போது செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதுகிறது; சோதனையும் அதுவே செய்துவிடும்" என்பது புதிய வாதம். கருவிகள் உதவும், மறுக்கவில்லை. ஆயிரம் சோதனைகளை நொடியில் ஓட்டக் கருவியால் முடியும். ஆனால் உப்பளத்து விரலை நினைவில் கொள்ள வேண்டும் என்று அதற்கு யாராவது சொல்ல வேண்டுமே! நிரல் எழுதுவது எளிதாக ஆக ஆக, எழுதியது சரியா என்று தீர்மானிக்கத் தெரிந்தவரின் தேவை கூடுமே தவிரக் குறையாது.

நாம் செய்யத் தக்கவை

குறை சொல்வதோடு நிற்பது முறையன்று. நம் கல்லூரியிலேயே, செலவில்லாமல் செய்யக் கூடிய சிலவற்றைப் பணிவோடு முன்வைக்கிறேன்.

முதலாவதாக, ஆய்வுக்கூடப் பதிவேட்டில் ஒவ்வொரு நிரலுக்கும் சோதனை அட்டவணை ஒன்று இருக்கட்டும். கொடுத்தது என்ன, எதிர்பார்த்தது என்ன, வந்தது என்ன என்று மூன்று பத்திகள் போதும். எதிர்பார்த்ததை நிரலை ஓட்டுவதற்கு முன்பே எழுத வேண்டும்.

இரண்டாவதாக, அவரவர் நிரலை அவரவர் சோதிப்பதோடு நில்லாமல் பக்கத்து இருக்கைத் தோழரிடம் மாற்றிக் கொடுப்போம். தன் பிள்ளையின் குறை தனக்குத் தெரியாது. பிழை கண்டவருக்கும் மதிப்பெண் உண்டு என்று ஆசிரியர்கள் அறிவித்தால் வகுப்பே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடும்.

மூன்றாவதாக, துறை விழாவில் கோலப் போட்டியும் வினாடி வினாவும் நடப்பது போலப் பிழை பிடிக்கும் போட்டி ஒன்றும் நடக்கட்டும். இதில் பிற துறையினரும் கலந்துகொள்ளலாம். பொருளியல் மாணவரும் தமிழ்த்துறை மாணவியும் கண்டுபிடிக்கும் பிழைகள் நமக்குத் தோன்றாதவையாக இருக்கும்.

நான்காவதாக, மூன்றாம் ஆண்டுத் திட்டப்பணி எதுவாயினும், அதைக் கல்லூரிக்கு வெளியே உள்ள ஐந்து பேராவது பயன்படுத்திப் பார்த்த பிறகே ஏற்க வேண்டும். கூட்டுறவுச் சங்க எழுத்தர், சுய உதவிக் குழுத் தலைவி, பலசரக்குக் கடைக்காரர், உப்பளத் தொழிலாளி, நம் வீட்டுப் பாட்டி என்று யாராகவும் இருக்கட்டும். அவர்கள் தடுமாறும் இடத்தில் "உங்களுக்குத் தெரியவில்லை" என்று சொல்லாமல் "எங்கள் நிரல் சரியில்லை" என்று குறித்துக்கொள்ளும் மனம் நமக்கு வர வேண்டும்.

தோழர்களே! இன்னும் சில ஆண்டுகளில் ஓய்வூதியம், மருத்துவம், வங்கி, நிலப் பத்திரம் என்று வாழ்வின் எல்லா வாசல்களிலும் மென்பொருளே காவலாக நிற்கும். அவற்றுள் சிலவற்றை எழுதப் போகிறவர்கள் இந்த மலரைப் படிக்கும் நாம். நாம் எழுதிய ஒரு வரியால் ஒரு மூதாட்டி கடை வாசலிலிருந்து வெறும் பையோடு திரும்பக் கூடாது. அதற்கு நாம் கொடுக்கும் உறுதிமொழி, நன்றாக எழுதுவோம் என்பது மட்டுமன்று. மக்கள் கையில் கொடுப்பதற்கு முன் நன்றாகச் சோதிப்போம் என்பதும் ஆகும். அந்தப் பழக்கம் வரும் பருவத்திலேயே நம் ஆய்வுக்கூடத்தில் தொடங்கட்டும்!